கொல்லையைக் கூட்டுவது யார்?

சிறு நகரங்களின் புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டி முடியும் தறுவாயில் கொத்தனாரிடம் தவறாமல் சொல்லப்படுகிற வேலை ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் மண்ணை மூடிவிடச் சொல்வார்கள். வசதிக்கேற்பச் சிமென்ட் தளமோ பேவர் பிளாக்கோ டைல்ஸோ போடப்படும். மூலையில் ஓரடிக்கு ஓரடி குழி விட்டு ஒரு தென்னங்கன்றோ செம்பருத்தியோ நடுவார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் சரளமாக வரும்: மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி, இலைக்குப்பை, பாம்பு, பூரான், கொசு. பேச்சு முடிகிற நேரத்தில், போகிற போக்கில், இன்னொன்றையும் சொல்வார்கள்: "யாருங்க தினமும் கூட்டுறது?"

கடைசியாக வருகிற அந்தக் காரணம்தான் முதல் காரணம் என்பது என் எண்ணம். நிலத்தின் விலை ஏறிவிட்டது, பாகப்பிரிவினையில் மனை துண்டுபட்டது, இரண்டு வண்டி நிறுத்த இடம் வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பத்து சென்ட் வைத்திருப்பவர்களும் மூடுகிறார்களே! கொல்லையைக் கொல்லையாக வைத்திருந்த உழைப்பு யாருடையது, அது இப்போது எங்கே போயிற்று என்று பார்க்காமல் இதைப் பேசினால் பேச்சு வெறும் பழங்கால ஏக்கத்தில் போய் முடியும்.

தஞ்சைப் பக்கம் கொல்லை, வடக்கே புழக்கடை, கொங்கு நாட்டில் பொடக்காலி, நெல்லையில் புறவாசல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முன்வாசல் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை. பின்பக்கம் ஈரமும் பச்சையுமான இடம். அங்கே கிணறு, துவைக்கல், மாட்டுக்கொட்டில், எருக்குழி. குளிக்கிற தண்ணீர் ஓடி விழும் இடத்தில் வாழை, அதையொட்டிச் சேம்பு. வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் தென்னை, அடுப்படிக் கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கறிவேப்பிலை. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் கத்தரிச்செடிப் பூச்சிக்குத் தூவவும் ஆகும். சாணம் பாதி எருக்குழிக்கு, பாதி வாசல் தெளிக்க. வீட்டின் கழிவு எல்லாவற்றுக்கும் கொல்லையில் ஓர் இடம் இருந்தது.

அந்த ஒழுங்கின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். காவிரிப் படுகையின் பழைய தெருக்களில் மனைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். முன்வாசல் தெருவில், கொல்லைக்கதவு பின்சந்தில். முன்வாசலை மிதிக்க அனுமதிக்கப்படாத பண்ணையாட்கள் கொல்லைக்கதவு வழியாகத்தான் வந்தார்கள், கூலி நெல்லையும் அங்கே நின்றுதான் வாங்கினார்கள். நகரங்களில் எடுப்புக் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. மனிதக் கழிவை வாளியில் அள்ளிச் சுமந்தவர்கள் வந்து போகும் வழியாகவும் அந்தச் சந்துகள் இருந்தன. உலர் கழிப்பறைகளைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கொல்லையின் குளிர்ச்சியைப் பேசுகிறவர்கள் அந்தக் கதவையும் மறக்கக்கூடாது. சில வீடுகளின் கொல்லை சுத்தமாக இருந்ததற்குச் சில சாதிகளின் மனிதர்கள் தங்கள் உடலால் விலை கொடுத்தார்கள்.

மிச்ச வேலையெல்லாம் வீட்டுப் பெண்களின் தலையில் இருந்தது. விடியுமுன் வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட வேண்டும். பிறகு கொல்லை. தென்னை ஈர்க்கில் கட்டிய விளக்குமாற்றுக்குக் கைப்பிடி கிடையாது, இடுப்பை மடித்துக் குனிந்தால்தான் கூட்ட முடியும். ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு மறு கையால் அரைவட்டமாக வீசி, ஓரடி ஓரடியாக நகர்ந்துகொண்டே போவார்கள். கூட்டி முடித்த மண்ணில் விசிறி விரித்தாற்போல ஈர்க்குக் கோடுகள் வரிசையாகப் படிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் எத்தனை இடுப்பு வலி என்பதை அதைக் கூட்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வாசலில் ஒரு புல்கூட முளைக்க விடாமல் செதுக்கி வைத்திருந்ததற்குப் பொருத்தமான காரணம் உண்டு. நெல்லும் வற்றலும் காய அந்தத் தரை வேண்டும். இருட்டில் கால் வைக்கும் இடத்தில் தேளோ பாம்போ கிடந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே அந்த வேலை வீண்வேலை இல்லை. அதற்கு மதிப்புத்தான் இல்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் களையெடுப்புக் கூலி ஏறும், வண்டிச்சத்தம் ஏறும், வாசல் பெருக்கியது ஒருநாளும் ஏறியதில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள். காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரிடம் மாமரத்துச் சருகையும் கூட்டிவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் கைவிட்ட வேலையை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை, சிமென்ட் எடுத்துக்கொண்டது. கொல்லைகள் மூடப்பட்டதன் வரலாற்றை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தென்னையை எடுத்துக்கொண்டால் சுமை எப்படி வளர்ந்தது என்பது தெளிவாகும். நன்றாக இருக்கும் மரம் ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடும், மாதம் ஒன்றைக் கழிக்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை, ஒவ்வொன்றும் பதினைந்து அடிக்குக் குறையாது. கொல்லையில் நாலு மரம் நின்றால் வாரம் ஒரு மட்டை விழுகிறது என்று பொருள். ஓலை முடைந்து கூரை வேய்ந்த காலத்தில் ஒவ்வொரு மட்டைக்கும் காத்திருந்தார்கள். ஓலை கீற்றாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, அடிமட்டையும் பாளையும் பன்னாடையும் அடுப்புக்குப் போயின. இன்று கூரை கான்கிரீட், அடுப்பு கேஸ், விளக்குமாறு கடையில் வாங்குவது. அதே மட்டை அதே இடத்தில் விழுகிறது, எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நேற்றுவரை வரவாக இருந்தது இன்று குப்பை. திடக்கழிவு மேலாண்மை குறித்து 2016-இல் வந்த விதிகள் தோட்டக் கழிவைத் தனியாகப் பிரித்து அவரவர் வளாகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்றன, எரிப்பதையும் தடைசெய்தன. விதி சரியானது. ஆனால் பதினைந்தடி மட்டையை மூன்று சென்ட் வீட்டுக்காரர் எங்கே வைப்பார்?

மரம் ஏறுகிறவரும் இல்லை. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உயிரைப் பணயம் வைக்கும் அந்த வேலைக்கு ஊர் தந்த கூலியையும் மரியாதையையும் பார்த்தால் அவர்கள் போனது நியாயம். நெற்று தானாக விழட்டும் என்று விட்ட வீடுகளில் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் உடைகிறது, காரின் கண்ணாடி உடைகிறது, சண்டை வருகிறது, ஒருநாள் மரம் வெட்டப்படுகிறது. புயல் வெட்டாததை இப்படி மனிதர்கள் வெட்டுகிறார்கள். புயலும் குறை வைக்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கத்துப் பலாவைச் சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னைத் தெருக்களில் மரங்களை மல்லாத்தியது. 2018 நவம்பரில் கஜா பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு பிடுங்கிப் போட்டது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துகிற செலவைப் பார்த்தவர்களில் பலர் மறுபடி நடவில்லை.

பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொல்லை வைத்திருப்பவரின் பொறுமையை உண்மையில் சோதிப்பவை அவைதாம். மழை தொடங்கியதும் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் உள்ளங்கை அகலத்துக்குப் படைபடையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் அசையாமல் கிடந்து, இரவில் மேலே ஏறி இலையை மொட்டையடிக்கும். அதன் ரோமம் காற்றில் பறந்து கொடியில் காயும் துணியில் ஒட்டினால் போட்டுக்கொண்டவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. குச்சியில் துணி சுற்றித் தீப்பந்தம் காட்டி அவற்றைக் கருக்குவது வழக்கம். மரப்பட்டையும் சேர்ந்து வேகாமல் பந்தத்தை ஓட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வாசலில் முருங்கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் ஒரு மழைக்காலம் அதன் கீழ் நின்று பார்க்கலாம். பட்டென்று முறியும் கிளை வேறு.

2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. மரவள்ளி, மல்பெரி விவசாயிகளின் இழப்பு பேசப்பட்டது. வீட்டுக் கொல்லையில் பப்பாளியும் செம்பருத்தியும் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து நின்றதை யாரும் கணக்கெடுக்கவில்லை. மருந்து அடித்தும் போகாத அந்தப் பூச்சியை அடக்க 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே முதலிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்த்தது. செம்பருத்தி மறுபடி பூத்தது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இன்னும் இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகுச் சுருள்களாகப் படிந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன்போன்ற நீர் கீழே இருக்கும் கறிவேப்பிலை, வாழை, கொடித்துணி எல்லாவற்றிலும் சொட்டி, அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். இதற்கும் இயற்கை எதிரி ஒன்று உண்டு, என்கார்சியா என்னும் குளவி. அவசரப்பட்டுப் பூச்சிமருந்து அடித்தால் குளவி செத்து ஈ பெருகும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, மைதாக் கஞ்சி தெளித்துப் பூஞ்சணத்தை உரிப்பது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைக் கட்டுவது ஆகியவற்றையே வேளாண் துறையினர் சொல்கிறார்கள். எல்லாமே நேரம் பிடிக்கும் வேலைகள்.

பாம்பு பயம் வீண்பயம் அல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. கண்ணாடிவிரியன் சருகில் கிடந்தால் சருகாகவே தெரியும். ஆனால் தளம் போட்டால் இந்தப் பயம் தீரும் என்பது சரியில்லை. பாம்பை வரவழைப்பது எலி. எலி தங்குவது செங்கல் அடுக்கிலும் விறகுக் குவியலிலும் தளத்துக்கு அடியில் பெருச்சாளி தோண்டிய வளையிலும்தான். கொசுவும் அப்படியே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். மண்தரையில் தேங்கிய மழைநீர் ஓரிரு நாளில் உள்ளே இறங்கிவிடும். பூந்தொட்டித் தட்டிலும் கொட்டாங்குச்சியிலும் பழைய டயரிலும் இறங்காது, முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். 2017-இல் டெங்கு கடுமையாக இருந்தபோது வீடு வீடாக வந்த பணியாளர்கள் கவிழ்த்துக் கொட்டியதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஏனங்கள்தாம்.

மூடிய மண்ணுக்கான கணக்கை நகரம் வேறிடத்தில் கட்டுகிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையின்மேல் ஓராண்டில் விழுவது சுமார் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 26 லோடு. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நாடே பார்த்தது. அந்த ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர், எட்டு கிரவுண்டின் ஓராண்டு மழை. 2003-இல் அவசரச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாகக் குழிக்கு அனுப்பச் சொன்னது. அது நல்ல சட்டம், அதனால் கிணறுகள் ஊறின. ஆனால் மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தவர்களே தரைத் தண்ணீரைத் தளம் போட்டுத் தெருவுக்குத் தள்ளினார்கள். நாம் கூட்ட மறுத்த கொல்லை, மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீராகவும் கோடையில் லாரி வாடகையாகவும் திரும்பி வருகிறது.

கொல்லையைக் கூட்டுவது யார் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் வேறொரு கனம் உண்டு. அங்கே வளவு, அதாவது வீட்டைச் சூழ்ந்த காணி, வீட்டைவிடப் பெரிய சொத்து. வற்றாத ஆறு இல்லாத தீபகற்பம், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுத் தண்ணீர். ஆகவே கிணறுதான் வளவின் உயிர். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக, அதாவது வேர்பிடித்துத் தழைக்கும் வேலிக்கம்பாக நட்டு, இடையில் கிடுகோ (முடைந்த தென்னோலை) பனையோலையோ கட்டி வேலி அடைப்பார்கள். கதியால் தழைத்தால் ஆட்டுக்குக் குழை, பயிருக்குப் பசுந்தாள். கிடுகு உக்கினால் மறுபடி அடைக்க வேண்டும், அப்போது கதியால் அரை முழம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அயலவர்களுக்குள் மூண்ட வழக்குகள் பிரசித்தம். முற்றம் கூட்டுவது அங்கேயும் பெண்களின் விடியற்கால வேலைதான்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் அந்த வேலைகளை ஒரேயடியாக நிறுத்தியது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக மூடப்பட்டது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிய பலருக்கு வீடு இல்லை, வேலி இல்லை, எல்லை தெரியவில்லை. கிணற்றையும் பழைய மரத்தையும் அடையாளமாக வைத்துத் தங்கள் வளவைத் தேடினார்கள். முதல் வேலை பற்றை வெட்டுவது, அடுத்தது கிணறு இறைப்பது. வளவைப் பராமரிப்பது சுமை என்று அவர்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சுமையைத் திரும்பப் பெறத்தான் அவர்கள் மனுக்கொடுத்தும் போராடியும் இத்தனை ஆண்டு காத்திருந்தார்கள்.

அந்தச் சுமை ஏன் அப்படி வேண்டும் ஒருவருக்கு? கறிவேப்பிலைச் செடி ஒன்றே பதில் சொல்லும். இளங்கொழுந்தில் கறுப்பு இறக்கையும் வெண்புள்ளி வரிசையும் உள்ள பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும். முதலில் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், குருவி ஏமாறும். வளர்ந்ததும் இலைப்பச்சை. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவப்பாகப் பிளந்த ஒரு கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடி. நாலு புழு சேர்ந்தால் சின்னச் செடி மொட்டை. ரசத்துக்கு ஒரு ஈர்க்கு இல்லாமல் போகும். விட்டுவைத்தால் கூட்டுப்புழுவாகித் தொங்கி, ஒரு காலையில் ஈர இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு செடி வைத்திருக்கிறோம், ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. புழு அந்த ஏற்பாட்டை மதிப்பதில்லை, பார்த்துப் பார்த்து எடுத்து மாற்றி விட வேண்டியிருக்கிறது. சலிக்காமல் செய்கிறோம்.

தேன்சிட்டு துணிக்கொடியில் கூடு கட்டினால் அந்தக் கொடி ஒரு மாதத்துக்கு அதனுடையது. சிலந்தி நூலும் சருகும் மரப்பட்டைத் துகளும் கோத்துத் தொங்கவிட்டு, பக்கவாட்டு வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரமும் வைக்கும். அதற்கு வேண்டிய சருகும் சிலந்தியும் துடைத்து வைத்த தளத்தில் எங்கிருந்து கிடைக்கும்? முருங்கை காய்க்கத் தொடங்கினால் ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். அந்தக் காயைக் கொண்டு போய்க் கொடுக்கிற சாக்கில் நான்கு வீட்டுக் கதவு திறக்கும், நாலு பேச்சு நடக்கும்.

சமீப ஆண்டுகளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் ஆர்வமாகத் தோட்டத்தில் இறங்குகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் கூர்ந்து பார்த்தால் நடுவதையும் தண்ணீர் விடுவதையும் காய் பறிப்பதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டுவதும் அள்ளுவதும் பழைய கைகளிலேயே இருக்கின்றன, அல்லது மாதக் கூலிக்கு வருகிற இன்னொரு பெண்ணின் கைக்குப் போயிருக்கின்றன. இது மாறாத வீட்டில் கூட்டுகிறவர் கண்ணை மூடியதும் தோட்டம் தளமாகும்.

வேலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கொல்லை முழுவதையும் கூட்ட வேண்டியதில்லை. நடக்கிற தடத்தையும் வாசலையும் வெறுந்தரையாக வைத்துக்கொண்டு, மரத்தடிச் சருகை மரத்தடியிலேயே விட்டால் ஈரமும் காக்கும், வேலையும் பாதியாகும். வீட்டுச் சுவரையொட்டிச் சருகு சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். நின்றபடி கூட்ட நீளக் கழியில் கட்டிய விளக்குமாறு கடையில் கிடைக்கிறது. சிறிய மனையில் மாவும் பலாவும் வேண்டாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, வாழை, ஒரு கொய்யா அடங்கும். தென்னை வேண்டுமென்றால் ஏற ஆள் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியில் கருவியின் உதவியோடு மரமேறப் பழகியவர்கள் இருக்கிறார்கள், பெண்களும் பழகினார்கள். அவர்கள் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதுதான் முறை. ஆள் கிடைக்காத ஊரில் சௌகாட் ஆரஞ்சு போன்ற குட்டை ரகம் நடலாம். மூன்று நான்கு ஆண்டில் இளநீர் தரும், பல ஆண்டுகள் தரையில் நின்றே பறிக்கலாம். ஒன்று மட்டும் தெரிந்து நட வேண்டும். சுருள் வெள்ளை ஈ நெட்டையைவிடக் குட்டை ரகங்களையே அதிகம் தாக்குகிறது. ஆகவே நட்டவர் வாரம் ஒருமுறையாவது ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, வெள்ளைச் சுருள் தென்பட்ட அன்றே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட வேண்டும்.